மூச்சடக்கிக் கிடப்பது

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆறு ஊசி. ஆறு தடவையும் குடல் வெளியே வந்து விழுகிற மாதிரி வாந்தி. தலையில் மயிர் இல்லை, நாக்கில் ருசி இல்லை. கழுத்துக் கட்டி மட்டும் இருக்கிறது.

“உக்காருங்க ஐயா. ஓரமெல்லாம் கரைஞ்சிருக்கு.” டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். “நடுவுலதான் நிக்குது.”

“நடுவுல மட்டும் ஏன் நிக்கி? மருந்துல தண்ணிய கலந்துட்டியளோ?”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“அங்க ரத்தம் சரியாப் போகல. மருந்தும் சேரல. காத்தும் கம்மி. வேகமாப் பெருகுற செல்லைத்தான் இந்த மருந்து பிடிக்கும். காத்துக் கெடைக்காத செல்லு பெருகாம சும்மா கெடக்கும். மருந்து போனப்புறம் எந்திரிச்சுக்கும்.”

“காத்தில்லாம எதும்மா உசுரோட கெடக்கும்? யாருகிட்ட கதை விடுதிய?”

கேட்டபிறகுதான் அவருக்குக் கடலடி நினைவு வந்தது.

முப்பத்தைந்து வருடம் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். புதிதாக இறங்குகிறவன் கீழே கைகாலை உதறுவான். அவனுக்குத்தான் மூச்சு முதலில் தீரும். இவர் உதறமாட்டார். சுறா தலைக்குமேலே போனால் மணலோடு மணலாகக் கிடப்பார். நெஞ்சுகூட மெதுவாகத்தான் அடிக்கும். அது தாண்டிப் போனபிறகு மேலே வருவார்.

கட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“எந் தொழிலையில்லா படிச்சிருக்கு, நாறப்பய.”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. வேறு மருந்து இருக்கிறது, இதைவிடக் கடுமை, ஒரு வாரம் இங்கேயே படுக்கவேண்டும், கூட ஆள் இல்லாமல் போடமுடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நர்ஸ் தாளோடு வந்தாள்.

“கூட யாரு இருப்பா?”

“பொஞ்சாதி செத்துட்டா. புள்ளை இல்ல.”

“அப்ப யாரு பேரை எழுத?”

பை கையிலேயே இருந்தது. வாசல் பத்தடிதான்.

சங்கு குளிக்கிறவனின் கயிற்றை மேலே தோணியில் மச்சினன்தான் பிடிப்பான். அது அந்தக் கரை வழக்கம். தன் அக்காள் தாலியறுக்கும்படி எந்தத் தம்பியும் கயிற்றை விடமாட்டான். இவர் கயிற்றை மனைவியின் தம்பி தொம்மை ஒருநாளும் விட்டதில்லை.

அக்காள் போய்ப் பதினோரு வருடம். ஆஸ்பத்திரிக்காரன் எல்லாம் களவாணி என்று, நோயில் கிடந்தவளை வீட்டிலேயே வைத்திருந்தவர் இவர். அடக்கத்தன்று கல்லறை வாசலில் தொம்மை சொன்னான்.

“நீருதான் கொன்னீரு அத்தான்.”

அன்றோடு பேச்சில்லை.

இனி அவன் கயிற்றைப் பிடிக்க எந்த அவசியமும் இல்லை.

“தொம்மை,” என்றார். “மச்சினன்.”

“வருவாரா?”

அவர் பையைக் கீழே வைத்தார்.

“நம்பராவது தெரியுமா?”

அந்த எண்ணை இவர் ஒருநாளும் அழுத்தியதில்லை. மனைவி மதலேன்தான் அழுத்துவாள், ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.

அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணையும் சொன்னார்.