மூன்றாவது ஓலை

அந்தக் கிறிஸ்தவப் பங்குக் கோயில் கட்டிய நாளிலிருந்தே, ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் ஞாயிறு பூசையில் மூன்று வாரம் மணமக்கள் பேரைச் சொல்லி ஓலை வாசித்து, "தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று கேட்பார்கள். அன்று சாமியார் வாசித்த ஓலை தச்சர் மகளுக்கும் படகுக்காரர் மகனுக்கும். தச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சம்மதிக்காததால் ஓடிப்போகக் கிளம்பி, படகு கவிழ்ந்து இருவரும் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பூசை முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டார். "சாமி, நீங்கதானே அடக்கம் பண்ணீங்க?"

சாமியாருக்கு வியர்த்துக் கொட்டியது. "வேற பேரைத்தான் வாசிக்கப் பார்த்தேன். வாயில இதுதான் வருது."

மறுவாரமும் அதுவே வந்தது. மூன்றாம் வாரம் தச்சர் எழுந்து நின்றார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உயிரோட இருந்தப்பவும் நீங்கதான் தடுத்தீங்க. உக்காருங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் ஊரார் ஒவ்வொருவராக வந்து, எதுவுமே நடக்காதது போல, தச்சரின் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியாகப் பிடித்த கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

"நாங்க போயிட்டு வர்றோம், மாமா."