துலாவும் கணக்கும்

வெயில் புகையிலைக் கன்றுகளின் மேல் ஏறுகிறது. பஞ்சலிங்கம் கிணற்றில் நீர் இறைக்கும் துலாமரத்தின் மேல் நடக்கிறான். கிணற்றுப் பக்கம் நடந்தால் நீர் அள்ளும் ஓலைப்பட்டை தண்ணீருக்குள் இறங்குகிறது. பின்பக்கம் நடந்தால் நிறைந்து மேலே வருகிறது. கிணற்றுக்கட்டில் குனிந்து பட்டை கட்டிய கொடிக்கயிற்றைப் பிடித்துப் பட்டையைக் கவிழ்ப்பவன் மைத்துனன் தம்பிஐயா. கொடி ஈரத்தில் வழுக்குமென்று மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறான். கீழே பஞ்சலிங்கத்தின் மகள் அருந்ததி சிலேட்டில் பள்ளிக்கூடத்துப் பௌதிகக் கணக்குப் போடுகிறாள்: ஒரு தடி, ஒரு தாங்கி, இரண்டு பக்கமும் பாரம்.

“என்ன பிள்ளை, என்ரை அத்தானையோ கீறுறாய்? தொப்பையை விட்டிடாதை!” என்று தம்பிஐயா சிரிக்கிறான்.

“ஓம் மாமா, தொப்பையாலைதான் தண்ணி மேலை வருது.”

துலாவைத் தாங்கும் அச்சுத்தடி முனகுகிறது. தினமும் முனகுவதுதான். ஆனால் இன்றைய சத்தம் காய்ந்த பனைமட்டை கிழிவதுபோல் இருக்கிறது. பஞ்சலிங்கத்தின் உள்ளங்காலுக்கு அது முதலில் தெரிகிறது.

“அப்பு, குதியுங்கோ!” என்று அருந்ததி தகப்பனைப் பார்த்துக் கத்துகிறாள்.

குதிக்கலாம், கீழே செம்பாட்டு மண். ஆனால் நிறைந்த பட்டை கிணற்றின் பாதியில் தொங்குகிறது. இந்தப் பக்கத்துப் பாரம் விலகினால் அந்தப் பக்கம் விழும், கொடியோடு தம்பிஐயாவும். அருந்ததியின் பார்வை சிலேட்டிலிருந்து மாமனின் கைக்குப் போகிறது.

“வேண்டாம் அப்பு, அசையாதேங்கோ! மாமா, கைச்சுத்தைக் கழட்டுங்கோ!”

தம்பிஐயா கழற்றப் பார்க்கிறான். பட்டையின் பாரத்தில் கொடி சதைக்குள் இறுகிக் கிடக்கிறது. பஞ்சலிங்கம் மூச்சை அடக்கி நிற்கிறான். அச்சுத்தடி மறுபடி கிழிய, அவன் காலுக்குக் கீழே துலா ஒரு விரற்கடை தாழ்கிறது.