ஏழாவது கையெழுத்து

கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கப் பூனை ஒரு சங்கம் தொடங்குகிறது என்றதுமே அணிலுக்கு எங்கோ இடித்தது. பதிவு செய்ய ஏழு பேர் வேண்டுமாம். ஆறு குருவிகள் கையெழுத்துப் போட்டுவிட்டன, பாக்கி அணில்தான்.

அணில் சட்டதிட்டங்களை ஒரு வரி விடாமல் படித்தது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலுவலக முகவரி, பூனையின் வீடு. வருடாந்தரக் கூட்டத்துக்கு உறுப்பினர் அனைவரும் அங்கே வந்தாக வேண்டும். வந்ததும் கதவு சாத்தப்படும்.

"கதவை எதுக்குச் சாத்தணும்?"

"வெளியாள் நுழையக் கூடாதில்லையா, தம்பி" என்றது பூனை.

"அப்போ கூட்டத்தைக் கரண்ட் கம்பி மேல வச்சுக்கலாம். முகவரியை மாத்திக் கொண்டாங்க, போடுறேன்."

பூனை விண்ணப்பத்தைச் சுருட்டியது.

"நல்ல காரியம் எதையும் நடக்க விடமாட்டான்" என்று அணிலைத் திட்டிக்கொண்டே, ஆறு குருவிகளும் பூனையோடு ஏழாவது ஆளைத் தேடிக் கிளம்பின.