மேல் வீட்டுச் சத்தம்

“மேல் வீட்ல நீ ஹோம்ஸ்டே நடத்துறதுக்கு நான் சம்மதிக்கணுமா? நடக்கவே நடக்காதுலா, சலேஹா!”

யூசுப் சோபாவில் சாய்ந்துகொண்டார். பினாங்கு ஜார்ஜ் டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அடுத்தவர் கண்ணில் என்ன குறை என்று பார்த்தே பழகியவர்.

எதிரே நாற்காலி நுனியில் சலேஹா உட்கார்ந்திருந்தாள். கணவர் இறந்த பிறகு அவள் பட்டர்வொர்த்தில் தங்கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். யூசுப் வீட்டுக்கு நேர் மேலே இருக்கும் தன் வீட்டை வந்து போகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் காலத்தை ஓட்டுகிறாள்.

இப்போது அதற்கும் வந்தது சோதனை. ஹோம்ஸ்டே நடத்த மாநகர் மன்றம் பெர்மிட் கேட்கிறது. பெர்மிட் வேண்டுமானால் அடுக்குமாடி நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும். நிர்வாகமோ, மேலே, கீழே, இரு பக்கமும் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்து வாங்கி வரட்டும் என்று கையைக் கழுவிக்கொண்டது. மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். கீழ் வீடு மட்டும்தான் பாக்கி.

“நாளைக்குள்ள பாரத்தைக் கொடுக்கலன்னா மூடச் சொல்லிடுவாங்கண்ணே. எனக்கு வேற வருமானம் இல்ல.”

“உன் கஷ்டம் எனக்குப் புரியாமலா இருக்கு? ஒரே ஆளுக்கு மாச வாடகைக்கு விடு. யார் வேணாம்னா? இங்க தினம் ஒரு மூஞ்சி. பெட்டியை உருட்டிக்கிட்டு வர்றான், போறான். அதையாவது பொறுத்துக்கலாம். மாசா மாசம் கோலாலம்பூர்லேருந்து ஒரு குடும்பம் வருதே, அதுல ஒரு பொடியன்...”

சொல்லி வைத்தாற்போல் தலைக்கு மேலே தடதடவென்று சத்தம். கூடத்திலிருந்து அறைக்கு ஓடியது. அறையிலிருந்து மறுபடி கூடத்துக்கு வந்தது.

“கேட்டியா? வந்துட்டான்!” யூசுப் கூரையைப் பார்த்து விரலை ஆட்டினார். “நிம்மதியா தொழ முடியுதா மனுஷனால?”

அவர் மனைவி காமாரியா தேநீர்த் தட்டோடு வந்தாள். சத்தம் ஓயும் வரை அப்படியே நின்றுவிட்டு, பிறகுதான் கோப்பைகளைக் கீழே வைத்தாள்.

“சின்னப் பிள்ளைதானேங்க. ஓடட்டுமே.”

“உனக்கென்ன, ஊர்ல உள்ளதெல்லாம் உன் பிள்ளைதான்!”

சலேஹா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். “அக்கா, இது உங்களோடது. மேல இருந்துச்சு.”

காமாரியா அதை வாங்கிய வேகத்தில் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பலகாரம் செய்தால் நாலு வீட்டுக்குக் கொடுக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. யூசுப் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“அந்தக் குடும்பம் ரொம்ப நல்லவங்கண்ணே,” என்றாள் சலேஹா. “நீங்க ஒரு தடவை நேர்ல பார்த்தீங்கன்னா...”

“நான் எதுக்குப் பார்க்கணும்? பெட்டியோட யாராவது லிஃப்டுக்கு நின்னாலே நான் அடுத்த லிஃப்டுல போறவன். இதோ பாரு சலேஹா, வேணாம்னு ஒரு தடவை சொன்னா எனக்கு வேணாம்தான். சொந்த மக ஹுஸ்னா விஷயத்துலயே நான் இறங்கி வரல. என் பேச்சை மீறி ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. வாசலை மிதிக்காதேன்னேன். அதோட சரி. உனக்கா இறங்கி வரப்போறேன்?”

இவ்வளவு பிடிவாதத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படித்தான் தூங்குகிறாரோ என்று சலேஹாவுக்குப் பாவமாகக்கூட இருந்தது. பாரத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இரு சலேஹா. அதை இப்படிக் கொடு,” என்றாள் காமாரியா.

வாங்கிப் பிரித்து நிதானமாகப் படித்தாள். “வீட்டு உரிமையாளர் கையெழுத்துன்னுதானே போட்டிருக்கு?”

“ஆமாக்கா.”

“ஏங்க, இந்த வீடு யார் பேர்ல இருக்கு?”

யூசுப் சிரித்தார். “நல்ல கேள்வி கேட்ட போ! நாளைக்கு கடைக்கு ஏதாச்சும் ஆனா வீடாவது தப்பட்டுமேன்னு உன் பேர்ல வாங்கினேன். எல்லா வியாபாரியும் செய்றதுதான். அதுக்கென்ன இப்ப?”

காமாரியா குனிந்து அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். அவருக்கு விஷயம் புரிவதற்குள் கையெழுத்துப் போட்டு, பாரத்தைச் சலேஹாவிடம் கொடுத்துவிட்டாள்.

இத்தனை வருட வாழ்க்கையில் காமாரியா அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. மகளை வாசலோடு திருப்பி அனுப்பிய அன்றுகூட, உள்ளே போய் அழுதாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“உனக்கென்ன பைத்தியமா காமாரியா? காலம் பூரா அந்தப் பையனோட ஓட்டத்தைக் கேட்டுக்கிட்டே கிடக்கணுமா நான்?”

மேலே மறுபடியும் தடதடவென்று கேட்டது. காமாரியா நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

“அவ்வளவு தொல்லையா இருந்தா நீங்களே மேல போய், ஓடாதடான்னு சொல்லுங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா நின்னுடுவான்.”

“அவன் பேரு எனக்கெப்படித் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாத பேரா? நம்ம ஹுஸ்னா தன் மகனுக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கா.”