வயது என்ற கட்டம்

தன் படிவத்தை முடித்துவிட்டு, மனைவி சுகந்தியின் படிவத்தில் வயது 34 என்று எழுதினான் ஞானசேகர்.

"வயசைச் சரியாப் போடுங்க சார். ஹார்மோன் அளவு வயசுக்கு வயசு மாறும். அதை வச்சுத்தான் டாக்டர் மருந்து எழுதுவாங்க" என்றாள் ரத்தம் எடுக்கும் பெண்.

கல்யாணத்துக்கு ஜாதகம் கொடுத்தபோது சுகந்தியின் அம்மா அவள் வயதில் ஐந்தைக் குறைத்திருந்தாள். குழந்தைக்காக இரண்டு மருத்துவமனைகளில் சுகந்தி விழுங்கிய மாத்திரைகளெல்லாம் அந்தக் குறைந்த வயதுக்குத்தான்.

"என்னங்க, பேனாவைக் குடுங்க."

34ஐ அடித்துவிட்டு 39 என்று எழுதினாள் சுகந்தி. ஞானசேகர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள்.

அவன் தன் படிவத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்து, வயது என்ற கட்டத்தில் விரலை வைத்தான்.

"அந்தப் பேனாவை இப்படிக் குடு" என்றான்.