நாலு மூஞ்சிக்கும் மை

"நாலும் வெள்ளைவெளேரெண்ணு பெறந்திருக்கே! தாய்க்க சாயல் மருந்துக்குக்கூட இல்லியே!" சத்தியநேசன் தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பைய பேசுங்க. லைன்ல உள்ளவளுவளுக்குக் கேட்டா சிரிப்பாளுவ," என்றாள் மனைவி தங்கபாய். "தகப்பன் ஆருண்ணு நான் வேற சொல்லணுமாக்கும்?"

வேண்டவே வேண்டாம். ரப்பர்க் கொட்டகையில் திரிகிற அந்த வெள்ளைக் கடுவன் பூனைதான்.

குலசேகரத்துக்கு மேலே, மற்ற வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகும் தங்கிவிட்ட ரப்பர்த் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சத்தியநேசன் சமையல்காரன். துரைசாணி இரண்டு மாசத்துக்குக் கொடைக்கானல் போகும்போது தன் சயாம் பூனையை அவனிடம்தான் ஒப்படைத்தாள். சந்தன நிற உடம்பு, நீலக் கண், மூஞ்சியும் காதும் காலும் வாலும் மட்டும் அடுப்புக்கரி. அந்தக் கரிமூஞ்சிக்குப் பிறந்த அன்றே 'ஸ்னோ' என்று பேர் வைத்தாளாம் மகராசி! லைன் வீடுகளில் இருக்கிற தோட்டச் சனங்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

குணமோ அதைவிட மோசம். முள்ளெடுத்த மீன்தான் தின்னும், கம்பளியில்தான் படுக்கும். போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்து, கைக்குழந்தை மாதிரி கத்தி நியாயம் கேட்கும். அத்தனையும் பொறுத்துக்கொண்டுதான் பார்த்தான், பாவி மனுசன்.

கிளம்பும்போது துரைசாணி விரலை நீட்டிச் சொன்னது ஒன்றுதான். "திருவனந்தபுரத்தில் சயாம் கடுவனோடு சேர்த்திருக்கிறேன். நாட்டுப் பூனை கிட்டே வந்தால், உனக்கு இங்கே வேலை இல்லை."

மறுநாளே இவன் அடுக்களைக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியதும், ஸ்னோ கொட்டகைப் பக்கம் போய் வந்ததும் தங்கபாய்க்கு மட்டும்தான் தெரியும்.

"சோலி போனா இந்த வீடும் போச்சு. பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எங்க போவ?" தங்கபாய் அழுதேவிட்டாள். இன்று மத்தியானம் துரைசாணி வந்துவிடுவாள்.

சத்தியநேசன் சட்டென்று எழுந்தான். "ஏட்டி, விளக்குக் கரிய வழிச்செடு. தேங்காண்ணெயும் கொண்டா!"

கரியை எண்ணெயில் குழைத்து, கண் திறக்காத குட்டிகளை மடியில் போட்டு, தாயைப் பார்த்துப் பார்த்து இருவரும் தீட்டினார்கள். நாலும் முடிந்து நிமிர்ந்தால், ஸ்னோ வந்து அத்தனையையும் நக்கித் துடைத்துவிட்டது. கர்த்தரே! அதைத் தூக்கிச் சாமான் அறையில் பூட்டினார்கள். உள்ளே அது ஊரைக் கூட்ட, வெளியே மறுபடியும் முதல் குட்டியிலிருந்து தொடங்கினார்கள்.

கடைசி வால் முடியவும் வாசலில் கார் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

துரைசாணி தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். "குட்டி போட்டுவிட்டதா? எப்போது?"

"நேத்து ராத்திரியாக்கும், அம்மா." சத்தியநேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "வந்து பாருங்க, நாலும் தாய உரிச்சு வச்சமாதிரி! மூஞ்சி, காது, வாலு, ஒண்ணுலயும் குறையில்ல."

அவள் கூடைக்குள் குனிந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மெல்ல நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"எந்த நாட்டுப் பூனையை உள்ளே விட்டாய்? சயாம் குட்டி பிறக்கும்போது வெள்ளையாகத்தான் இருக்கும்!"