இரண்டு ஜோடி சாக்ஸ்

“ஏனுங்க, ஏழு வயசானாத்தான் ஸ்கூல்ல சேத்துக்குவாங்களாமா? இதென்ன கூத்து?”

வசந்தாமணி கேட்டது கணவன் நஞ்சுண்டனை. ஆனால் முறைத்தது, எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்த ஹெலேனாவை. வெளிநாட்டுக்கு மாற்றலாகிறவர்களுக்கு வீடும் பள்ளிக்கூடமும் பார்த்துக் கொடுப்பதற்கென்று நஞ்சுண்டனின் கம்பெனி அனுப்பிவைத்த அம்மாள் அவள். பின்லாந்தில் பிறந்து டல்லாஸில் வாழ்க்கைப்பட்டவள்.

முதலில் லண்டன் என்றுதான் சொன்னார்கள். வசந்தாமணியும் அவர்கள் குடியிருந்த டல்லாஸ் பக்கத்துப் பிளானோ முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். போன மாதம் அது பின்லாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர் என்று ஆகிவிட்டது. தொண்ணூற்றொன்பது ஆகஸ்ட் கடைசியில் விமானம். இன்னும் இரண்டே வாரம். ஐந்து வயது மகள் ரோஷினிக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று முடிவாகாமல் விமானம் ஏறமாட்டேன் என்று வசந்தாமணி ஒற்றைக்காலில் நின்றாள்.

“அங்கே ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. அதுவரை விளையாட்டுதான்” என்று ஹெலேனா நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள்.

“ரெண்டு வருஷம் வெளையாட்டா? திரும்பி வந்தா எம் பொண்ணு மத்த புள்ளைங்களுக்குப் பின்னால நிக்கோணுமா? கேளுங்க அவங்கள!”

நஞ்சுண்டன் அதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை ஆங்கிலத்தில் கேட்டான். பதிலை வாங்கி மனைவியிடம் கொடுத்தான். “இன்டர்நேஷனல் ஸ்கூல்ல வெயிட்டிங் லிஸ்ட்டாமா, வசந்தா. ஒரு வருஷம் ஆகுமாம்.”

“அப்ப இதுதான் கதி.” போன வாரம் தபாலில் வந்த வழவழப்பான புத்தகத்தை அவள் மேஜையிலிருந்து எடுத்தாள். அட்டையில் ஒரு பழைய செங்கல் கட்டடம். ஐந்து வயதிலேயே சேர்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம், இன்டர்நேஷனல் ஸ்கூலை விட்டால் அந்த ஊரில் அது ஒன்றுதான். இருப்பது ஒரே ஒரு இடம். கையெழுத்துப் போட்ட ஃபாரம் இன்று ஃபேக்ஸில் போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மாடிப்படியில் தொப்தொப்பென்று சத்தம். ரோஷினி இறங்கி வந்தாள். கையில்லாத கவுன், காலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி சாக்ஸ். உதடு தானாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

“ஏங் கண்ணு, வெளிய நூத்திநாலு டிகிரி கொளுத்துது. இதைக் கழட்டேன்.”

“மை ஃபீட் ஆர் கோல்ட், மம்மி.”

“ஒரு வாரமா இதே பாட்டு. ஏசியக் கொறைங்கன்னா நீங்க கேக்கறீங்களா?”

“நேத்து ராத்திரி ஆஃபே பண்ணிட்டேன் வசந்தா” என்றான் நஞ்சுண்டன் மெதுவாக. “அப்பவும் கால் சில்லுனுதான் இருந்துச்சு.”

வசந்தாமணி குழந்தையை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். “அதுவும் டேகேர் மிஸ் மெக்ஸிகோக்காரங்களா, இவ தூக்கத்துலகூட ஸ்பானிஷ் பேசறா. தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில், தனியா இருந்தா ஸ்பானிஷ். நல்ல ஸ்கூல்ல போட்டாத்தான் உருப்படுவா. எங்க சைன் பண்ணோணும்?”

நஞ்சுண்டன் ஆங்கிலத்தில் கேட்டதும் ஹெலேனா ஃபாரத்தை நகர்த்தினாள். “நல்ல முடிவு. அந்தப் பள்ளி எனக்குத் தெரியும். பின்னாலேயே ஒரு ஏரி.”

“ஏரியா?” வசந்தாமணியின் பேனா நின்றது. இதை அவளே நேராக ஆங்கிலத்தில் சொன்னாள். “இவள் குளிக்கும் தொட்டியில் இறங்கவே அழுகிறாள். நீச்சல் வகுப்பில் காலைக்கூட நனைக்க மாட்டாள்.”

“பயப்படாதீர்கள். குளிர்காலத்தில் ஏரி அப்படியே உறைந்து ரோடு மாதிரி ஆகிவிடும். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் அதன்மேல் நடப்பார்கள்.”

‘வசந்தா’ வரைக்கும் எழுதியிருப்பாள். ரோஷினி அவள் கையைப் பாய்ந்து பிடித்தாள். குழந்தையின் விரல்கள் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த மாதிரி இருந்தன. பார்வை செங்கல் கட்டடத்தின் மேல். முணுமுணுப்பு இப்போது சத்தமாகவே கேட்டது. அதே வார்த்தைகள், திரும்பத் திரும்ப.

“சாரி” என்று வசந்தாமணி சங்கடமாகச் சிரித்தாள். “ஸ்பானிஷ். டேகேரில் கற்றுக்கொண்டது.”

ஹெலேனா சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. பேனாவுக்கு அடியிலிருந்து ஃபாரத்தை மெல்ல உருவிக்கொண்டாள்.

“இது ஸ்பானிஷ் இல்லை” என்றாள். “எங்கள் ஊர் மொழி. ‘டீச்சர், ஐஸ் உடையுது... இந்தத் தடவையாவது என் கையை விட்டுடாதீங்க’ என்கிறாள்.”